ஓவியம் வரைய எந்த சாஃப்ட்வேர்? அரியாங்குப்பத்து மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில் வீட்டு மாடியிலேயே வேலை. சனி, ஞாயிறுகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். கலைக் கல்லூரியான பாரதியார் பல்கலைக்கூடம் இதே ஊரில் இருப்பதால் அங்கே படிக்கும் மாணவர்களும் அவ்வப்போது வந்து போவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "கம்ப்யூட்டர்ல வரையணும்னா எந்த சாஃப்ட்வேர் அக்கா?" கேட்ட கையோடு பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "போட்டோஷாப்தானே?"

வரைவதற்கு போட்டோஷாப் தேவையில்லை என்பதுதான் என் பதில். அதை விளக்கமாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் தினமும் பயன்படுத்துவது கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருள். இந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான் இருக்கும். மற்றவற்றையும் என் மேசையிலோ மாணவர்கள் கையிலோ பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

முதலில் போட்டோஷாப் பற்றி. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கி, 1990இல் அடோபி வெளியிட்டது. புகைப்படத்தைத் திருத்துவதற்காகப் பிறந்த மென்பொருள் அது. அந்த வேலையில் இன்றைக்கும் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். பறக்கிற தலைமுடியின் ஓரத்தைப் பிசிறில்லாமல் வெட்டியெடுக்க வேண்டுமா, வெளுத்துப்போன பழைய கல்யாணப் போட்டோவுக்கு நிறம் மீட்க வேண்டுமா, தயங்காமல் அதற்குப் போங்கள். அதில் வரையவும் முடியும், அற்புதமாக வரைகிறவர்களும் இருக்கிறார்கள். மீன் அரிகிற அரிவாள்மனையில் மாம்பழமும் நறுக்கலாம்தான், ஆனால் மாம்பழம் மட்டுமே நறுக்கப் போகிறவர் அதை ஏன் வாங்க வேண்டும்?

2013இலிருந்து போட்டோஷாப் சந்தா முறைக்கு மாறிவிட்டது. மாதாமாதம் கட்ட வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் நீங்கள் வரைந்த ஃபைல் உங்களிடம் இருக்கும், ஆனால் அதை போட்டோஷாப்பில் திறக்கிற கதவு மூடிக்கொள்ளும். புத்தகத்துக்குப் புத்தகம் சன்மானம் வாங்குகிற ஓவியருக்கு மாதச் சந்தா என்பது பெரிய பாரம். இதனால்தான் பல பேர் பென் டிரைவில் வரும் திருட்டுப் பிரதியைப் போட்டுக்கொள்கிறார்கள். பெற்றோர்களிடம் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: அதைச் செய்யாதீர்கள். வைரஸ் வரும் என்பது ஒரு பக்கம். நாளைக்குத் தன் படத்தை யாராவது கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டால் கோபப்படப் போகிற பிள்ளை, தன் முதல் கருவியையே திருடித் தொடங்கக் கூடாது. அதுவும், இலவசமாகவே நல்ல கருவி கிடைக்கும்போது.

சரி, கிரிட்டாவுக்கு வருகிறேன்.

கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்துக்குள் 1990களின் இறுதியில் முளைத்தது இது. தொடக்கத்தில் பொதுவான ஒரு பட எடிட்டராகத்தான் நினைத்திருந்தார்கள். பின்னாளில், வரைகிறவர்களுக்காகவே செய்வோம் என்று முடிவெடுத்துத் திசை திரும்பினார்கள். அந்த முடிவின் பலன் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, வாட்டர்மார்க் கிடையாது, அதில் வரைந்த படத்தை விற்கவும் தடை கிடையாது.

ஒரு படத்தை வரையும்போது என்ன நடக்கிறது என்று காட்டினால் எளிதாகப் புரியும். ஒரு கதைக்காகப் புதுச்சேரியின் வைசியாள் வீதியை வரைந்தேன். திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூண்களும் வரிசையாக நிற்கிற வீதி. நம் ஊரின் வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகிறவை என்பதால், நடுவில் நின்று பார்த்தால் ஓட்டுக்கூரை விளிம்பு, திண்ணை விளிம்பு, சாக்கடை மூடியின் விளிம்பு எல்லாமே தூரத்தில் ஒரே புள்ளியைத் தேடிப் போகும். காகிதத்தில் என்றால் குண்டூசி குத்தி, நூல் கட்டி, அளவுகோல் வைத்து இழுப்போம். கிரிட்டாவில் அசிஸ்டன்ட் கருவியை எடுத்து, மறைபுள்ளி என்ற வகையைத் தேர்ந்து, அடிவான உயரத்தில் ஒரு சொடுக்கு. அப்புறம் பிரஷ்ஷின் அமைப்பில் "அசிஸ்டன்ட்டோடு ஒட்டு" என்கிற தேர்வை இயக்கிவிட்டால், கையால் இழுக்கிற கோடெல்லாம் அந்தப் புள்ளியை நோக்கி மட்டுமே போகும். எவ்வளவு இறுக்கமாக ஒட்ட வேண்டும் என்பதற்கும் ஒரு ஸ்லைடர் உண்டு. நான் அதை முழுசாக வைப்பதில்லை. கொஞ்சம் தளர்த்தி வைத்தால் கோடு நேராகவும் இருக்கும், கையால் போட்ட உயிரும் இருக்கும். தூணின் நிற்கும் கோட்டுக்கு அசிஸ்டன்ட்டை அணைத்துவிட்டு வெறுங்கையால் இழுப்பேன். பழைய மரத்தூண் எதுவும் கச்சிதமாக நேராக நிற்பதில்லை.

அடுத்தது அழிப்பான். பிற மென்பொருள்கள் பலவற்றில் அழிப்பான் தனிக் கருவி, அதற்குத் தனி முனை. கிரிட்டாவில் விசைப்பலகையில் ஆங்கில "இ" எழுத்தைத் தட்டினால், கையில் இருக்கிற அதே பிரஷ் அழிப்பானாகிவிடும். காரை பெயர்ந்த சுவரைச் சொரசொரப்பான பிரஷ்ஷால் வரைந்தேன். அதே சொரசொரப்போடு அழித்தேன். காரை உதிர்ந்த இடம் உதிர்ந்த மாதிரியே வந்தது. வழுவழுப்பான அழிப்பானால் இது நடக்காது.

"எம்" தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்ளும். முகம் வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஒரு கண் கீழே இறங்கியிருப்பது, தாடை ஒரு பக்கம் இழுத்திருப்பது எல்லாம் திருப்பின நொடியில் தெரிந்துவிடும். 4, 6 விசைகளில் காகிதத்தை இடமும் வலமும் சாய்க்கலாம், 5 தட்டினால் நேராகிவிடும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு பேனாவை இழுத்தால் பிரஷ் பெரிதாகும், சிறிதாகும். வலது பொத்தானை அழுத்தினால் பிடித்த பிரஷ்களும் நிறச் சக்கரமும் பேனா முனையைச் சுற்றியே வட்டமாக விரியும். இவற்றைப் பழகிவிட்ட பிறகு மெனு பக்கம் கண் போவதே குறைந்துவிடுகிறது. வரைகிற கை நிற்காமல் போவதற்காக இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று பல முறை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோலம் போடுகிறவர்களுக்கு இதில் இரட்டைச் சந்தோஷம். மல்ட்டிபிரஷ் கருவியில் அச்சு எட்டு என்று வைத்தால், ஒரு இதழ் வரைந்தால் எட்டு இதழ் மலரும். என் வகுப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். சிக்குக் கோலத்துக்கு எட்டு அச்சு உதவாது, அது ஒரே இழையாகச் சுற்றி வர வேண்டியது. அதற்கு ஸ்டெபிலைசர் இருக்கிறது. கோடு பேனாவுக்குச் சற்றுப் பின்னால் மெதுவாக வரும், அதனால் கை நடுக்கம் கோட்டில் ஏறாது. புள்ளி வைக்கக் கட்டக்கோடுகளைப் (கிரிட்) போட்டுக்கொண்டு, ஸ்டெபிலைசரை வைத்து இழுத்தால், வாசலில் போட்ட மாதிரி வளைவுகள் விழும்.

"டபிள்யூ" விசை இன்னொரு அருமை. அதைத் தட்டினால் கேன்வாஸ் நாலு பக்கமும் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டு முடிவில்லாமல் விரியும். வலது ஓரத்தில் வெளியே போகிற கோடு இடது ஓரத்தில் உள்ளே வரும். பழைய வீடுகளின் தரையில் பதித்திருக்கும் பூப்போட்ட கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லை வரைந்தால் தரை முழுக்க நிறைந்துவிடும். புத்தகத்தின் உள்ளட்டைக் கோலங்களை இப்படித்தான் வரைகிறேன். துணிக்கு அச்சு வடிவமைக்கிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே கிரிட்டாவைச் சிபாரிசு செய்வேன்.

எந்தக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஏ4 பக்கம், அச்சுத் தரமான 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), 2480க்கு 3508 பிக்சல். வண்ணம் நிறைந்த ஒரு லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கிற கண்ணாடித் தாள் மாதிரியான அடுக்கு) ஏறக்குறைய 35 எம்பி நினைவகம் எடுக்கும். இருபது லேயர் என்றால் 700 எம்பி. நிற ஆழத்தை 8-பிட்டுக்குப் பதில் 16-பிட்டாக வைத்தால் அது அப்படியே இரட்டிப்பு. எனவே 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப்பில் ஒரு பக்கப் படத்தைத் தாராளமாக வரையலாம். இரண்டு பக்கம் விரிகிற ஏ3 படத்தில் பெரிய ஈர பிரஷ்ஷைத் தேய்க்கும்போது மட்டும் கிரிட்டா திணறும். கை போய் ஒரு நொடி கழித்து நிறம் வரும். அமைப்பில் இன்ஸ்டன்ட் ப்ரிவியூவை இயக்கினால் பெருமளவு சரியாகும், முழுக்கப் போகாது. குறை குறைதான்.

கரன்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புயல் இல்லாத நாளிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்போது கரன்ட் போகும் என்று சொல்ல முடியாது. டெஸ்க்டாப்பில் வேலை செய்கிறவர்கள் கிரிட்டாவின் தானியங்கிச் சேமிப்பு இடைவெளியைக் குறைத்து வையுங்கள். திடீரென்று அணைந்தாலும், அடுத்த முறை திறக்கும்போது "மீட்டெடுக்கவா?" என்று அதுவே கேட்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஃபைலின் அடுத்த எண் தானாகப் போட்டு, புதிய பிரதியாகச் சேமிக்கும். பதிப்பாளர் "முதல்ல அனுப்பினதே நல்லா இருந்துச்சு" என்று சொல்லும் நாளில் இதன் அருமை தெரியும்.

பேனா டேப்லெட் (கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரைகிற பலகை) இல்லாமல் மவுஸால் வரைய முயலாதீர்கள். வாகாம், ஹூயான், எக்ஸ்பி-பென் என்று நிறைய இருக்கின்றன. திரை இல்லாத சின்ன டேப்லெட்டே தொடக்கத்துக்குப் போதும். பேனாவுக்கு பேட்டரி வேண்டாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். பேனா அழுத்தத்தை எத்தனை படியாக உணரும் என்ற அளவு 8192 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். 2048 இருந்தாலும் கைக்கு வித்தியாசம் தெரியாது, அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம்.

வாங்கிய அன்றே ஒரு காரியம் செய்யுங்கள். டேப்லெட்டின் மேல் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிப் பேனாவை ஓட்டுங்கள். திரையில் வட்டம் வந்தால் சரி. முட்டை மாதிரி வந்தால், டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். டேப்லெட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் அமைப்பில் விகிதத்தைக் காக்கும் தேர்வைப் போட வேண்டும். இதைச் செய்யாமல் பல மாதம் வரைந்த பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் அகலமாகவே இருக்கும், ஏன் என்று அவர்களுக்கே புரியாது.

இன்னொரு தொல்லை, பேனாவை அழுத்தினாலும் கோடு தடிக்காமல் ஒரே கனத்தில் வருவது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் இது அடிக்கடி நடக்கும். டேப்லெட் டிரைவரில் விண்டோஸ் இங்க் என்று ஒரு தேர்வு இருக்கும். கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பிலும் விண்டோஸ் இங்க்கா, வின்டேப்பா என்று கேட்கும்; பேனாவின் அழுத்தத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் இரண்டு வழிகள் அவை. இரண்டு இடத்திலும் ஒரே பதில் இருக்க வேண்டும். மாற்றியதும் கிரிட்டாவை மூடித் திறங்கள். "டேப்லெட் பழுது அக்கா, திருப்பிக் கொடுத்துடவா?" என்று என்னிடம் வந்த டேப்லெட்டுகள் பெரும்பாலும் இதைச் செய்ததும் சரியாகிவிட்டன.

இனி அச்சு. திரையில் மட்டும் பார்க்கப் போகிற படமென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். புத்தகம், காலண்டர், வாழ்த்து அட்டை என்று காகிதத்துக்குப் போகிற படமென்றால் மென்பொருளைத் தேர்வு செய்வதே இங்கேதான்.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நாலு மையால் (சுருக்கமாக சிஎம்ஒய்கே) காட்டுகிறது. புதுச்சேரியின் வெள்ளை நகரத்துச் (ஒயிட் டவுன்) சுவர்களின் கடுகு மஞ்சள் அச்சில் அழகாகவே வரும், அது மையில் இருக்கிற நிறம். சுவருக்கு மேலே தொங்குகிற காகிதப்பூவின் பளீர் இளஞ்சிவப்பு கொஞ்சம் அடங்கும். ஆனால் வைத்திக்குப்பம் கரையில் நிற்கிற ஃபைபர் படகின் மின்னுகிற நீலமும் பச்சையும் காகிதத்தில் செத்துப்போகும். இதை அச்சான பிறகு பார்த்து என்ன பயன்? கிரிட்டாவில் கன்ட்ரோல், ஒய் தட்டினால், இந்தப் படம் மையில் எப்படித் தெரியும் என்று அங்கேயே காட்டிவிடும். ஷிஃப்ட்டையும் சேர்த்துத் தட்டினால், மையால் எட்ட முடியாத நிறங்கள் இருக்கிற இடத்தையெல்லாம் வேறொரு நிறத்தால் அடையாளம் போட்டுக் காட்டும். அச்சகத்திடம் அவர்களின் ஐசிசி ப்ரொஃபைலை (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஃபைல்) கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் இன்னும் துல்லியமாக இருக்கும். இலவச மென்பொருள் ஒன்றில் இவ்வளவு நல்ல அச்சு முன்னோட்டமும், சிஎம்ஒய்கே படத்தை நேரடியாகத் திறந்து வரைகிற வசதியும் இருப்பது பெரிய விஷயம். படகின் நீலத்தை மட்டும் முன்கூட்டியே சற்று மாற்றி, பக்கத்தில் ஒரு ஆரஞ்சை வைத்தால், காகிதத்திலும் அது நீலமாக எழுந்து நிற்கும்.

கருப்புக் கோடு பற்றி, நான் படம் கொடுக்கும் அச்சகத்தில் மெஷின் பார்க்கும் அண்ணன் ஒருவர் ஒரு முறை தாளைக் கையில் கொடுத்து, உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னார். வேறு யாரோ அச்சடித்த காலண்டர் அது. அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு தனித் தகடு, அதாவது பிளேட், உண்டு. கோட்டின் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறு பக்கம் நீலமாகவும் நூலளவு எட்டிப் பார்த்தது.

"பாருங்க மேடம், இந்தக் கருப்பு நாலு கலர்லயும் இருக்கு. ஒரு பிளேட் முடி அளவு நகர்ந்தாலும் இப்படித்தான் ஆகும்."

"கருப்புப் பிளேட்ல மட்டும் இருந்தா?"

"அப்போ நகர்றதுக்கு என்ன இருக்கு? கோடு கோடாவே நிக்கும்."

அதனால் நான் கோட்டுப் படத்தைத் தனி லேயரிலேயே கடைசி வரை வைத்திருப்பேன். படத்தை சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிய பிறகு, அந்த லேயரின் ஆல்பாவைப் பூட்டி (கோடு இல்லாத இடத்தில் நிறம் ஏறாமல் இருக்க), மற்ற மூன்று மையும் சுழியம், கருப்பு மட்டும் 100 என்று நிரப்பி அனுப்புவேன். சிறுவர் புத்தகத்தில் முகத்தின் கோடு சுத்தமாக இருந்தால்தான் குழந்தைக்கு அந்த முகத்தின் சிரிப்பு தெரியும். எனக்கு இது ரொம்ப முக்கியம்.

கிரிட்டா எனக்குக் கைகொடுக்காத இடம் தமிழ் எழுத்து. படத்தில் ஒரு வார்த்தை, கடைப் பலகையில் ஒரு பெயர் என்றால் கையாலேயே எழுதிவிடுகிறேன், அதுதான் அழகும்கூட. தலைப்பு, பேச்சுக் குமிழ் என்று தட்டச்சு எழுத்து வேண்டுமானால் படத்தை இங்க்ஸ்கேப்புக்குக் கொண்டுபோய்விடுவேன். அதுவும் இலவசம்தான், வெக்டர் (எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத கோட்டுப் படம்) வேலைக்கானது. யூனிகோடு தமிழை அது ஒழுங்காகக் காட்டுகிறது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து தொங்காது. பாலூ தம்பி, முக்தா மலர் மாதிரி இலவச எழுத்துருக்கள் சிறுவர் புத்தகத் தலைப்புக்கு நன்றாகப் பொருந்துகின்றன. போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் உடைந்து வந்தால் பதற வேண்டாம். எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு அணைந்திருக்கும், இயக்கினால் சேர்ந்துகொள்ளும். இதற்குப் பயந்துதான் பல பேனர் கடைகளில் இன்னமும் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களிலேயே காலம் தள்ளுகிறார்கள்.

பென்சிலில் வரைந்து ஸ்கேன் செய்கிறவர்களுக்கு கிம்ப் பக்கத்தில் இருக்கட்டும். 1996இல் வெளிவந்தது, போட்டோஷாப்பின் வேலைகளில் பெரும்பகுதியை இலவசமாகச் செய்கிறது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரை அப்புறமும் திருத்தலாம் என்ற வசதி வந்திருக்கிறது. ரொம்ப நாள் எதிர்பார்த்தது. ஸ்கேன் செய்த தாளின் பழுப்பை, வெளிச்சத்தையும் கருமையையும் திருத்துகிற லெவல்ஸில் வெளுத்துவிட்டு, "நிறத்தை ஆல்பாவாக்கு" என்ற ஃபில்டரில் வெள்ளையைக் கொடுத்தால், காகிதம் மறைந்து பென்சில் கோடு மட்டும் கண்ணாடியில் வரைந்ததுபோல் மிஞ்சும். பென்சிலின் மென்மை போகாது. அப்படியே கிரிட்டாவில் திறந்து, அதன் அடியில் வண்ணம் பூசுவேன். கிம்ப்பிலும் பிரஷ்கள் உண்டு, ஆனால் வரைந்துகொண்டே இருக்க அது தோதான இடமில்லை.

அஃபினிட்டியும் நல்ல மென்பொருள். 2024இல் கேன்வா நிறுவனம் அதை வாங்கியது. போட்டோவும் பக்க வடிவமைப்பும் வெக்டரும் கலந்து செய்கிறவர்கள் அதைப் பார்க்கலாம். வரைவதற்கென்று எனக்கு அது தேவைப்படவில்லை.

படக்கதை வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட்டைச் சொல்வேன். ஜப்பானில் செய்தது, காமிக்ஸுக்கென்றே வளர்ந்தது. கட்டம் பிரிப்பது, வேகக்கோடுகள் போடுவது, எந்தக் கோணத்திலும் திருப்பிப் பார்க்கிற மனித பொம்மைகள் என்று எல்லாம் தயாராக இருக்கும். அதன் வெக்டர் லேயரில், இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், தொட்டவுடன் வெட்டுப்புள்ளி வரை மட்டும் அழியும். மை வேலை செய்கிறவர்களுக்கு அது வரம். கம்ப்யூட்டருக்கு ஒரே முறை பணம் கட்டி வாங்கலாம்; ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் சந்தா. பல பக்கங்களை ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளும் வசதி விலை கூடிய ஈஎக்ஸ் பதிப்பில்தான் இருக்கிறது, அதைக் கவனித்து வாங்குங்கள்.

ஐபேட் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? அப்படியானால் யோசிக்காமல் ப்ரோக்ரியேட் வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இருக்கும் ஒரு நிறுவனம் செய்வது. ஒரு முறை பணம், அத்தோடு சரி. திரையிலேயே வரைவதால் கை சீக்கிரம் பழகும், இரண்டு விரலால் தட்டினால் முந்தைய நிலைக்குத் திரும்பும். செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்குகிற வசதியைச் சேர்க்க மாட்டோம் என்று 2024 ஆகஸ்ட்டில் அவர்கள் வெளிப்படையாக அறிவித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. கேன்வாஸ் பெரிதாக ஆக லேயர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆனால் இதற்காகவே புதிதாக ஐபேடும் பென்சிலும் வாங்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பணத்தில் நல்ல லேப்டாப்பும் சின்ன டேப்லெட்டும் வாங்கிவிடலாம், பிள்ளையின் படிப்புக்கும் ஆகும்.

கம்ப்யூட்டரே இல்லாத பிள்ளைகள் என் வகுப்பில் பாதிப் பேர். அவர்களுக்கு ஐபிஸ் பெயிண்ட். ஆண்ட்ராய்டு போனில் விரலாலேயே வரையலாம். லேயர் உண்டு, ஸ்டெபிலைசர் உண்டு, வரைந்ததை வீடியோவாகவும் எடுத்துத் தரும். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், விளம்பரம் பார்த்தால் சில பிரஷ்கள் சிறிது நேரத்துக்குத் திறக்கும். தவளக்குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண், பத்தாம் வகுப்பு, மாசிமகத்துக்குக் கடற்கரையில் சாமிகள் வரிசையாக வந்து நிற்கிற காட்சியை விரிசல் விழுந்த போன் திரையில் விரலால் வரைந்துகொண்டு வந்து காட்டினாள். குடைகளின் ஜரிகையை ஒவ்வொன்றாகப் போட்டிருந்தாள். போனில் வரைவது ஓவியமா என்று யாராவது கேட்டால் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன். கிரிட்டாவும் ஆண்ட்ராய்டில் கிடைக்கிறது, ஆனால் அதன் பட்டியல்களும் பொத்தான்களும் பெரிய திரைக்குச் செய்தவை. போனில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெரிய ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் பேனாவும் இருந்தால் முயன்று பார்க்கலாம்.

பதிப்பாளரோ விளம்பர நிறுவனமோ "பிஎஸ்டி ஃபைல்தான் வேண்டும்" என்று, அதாவது போட்டோஷாப்பின் சொந்த ஃபைல் வகையைக் கேட்டால்? கிரிட்டாவிலிருந்தே பிஎஸ்டியாகச் சேமித்துக் கொடுக்கலாம், லேயர்கள் போய்ச் சேரும். அவர்களிடமிருந்து வருகிற பிஎஸ்டியைத் திறக்கும்போது எழுத்தும் சில எஃபெக்டுகளும் அப்படியே வராது, சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் பத்துப் பேரோடு பிஎஸ்டி மாற்றிக்கொண்டு வேலை செய்கிற அலுவலகத்துக்குப் போகிறவர்கள் போட்டோஷாப் கற்றுத்தான் ஆக வேண்டும், அந்தச் சந்தாவையும் அலுவலகமே கட்டட்டும்.

கிரிட்டாவை இறக்கும்போது அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள்; தேடினால் முதலில் வருகிற ஏதோ ஒரு டவுன்லோடு பக்கத்தில் கை வைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், ஸ்டீம் என்ற இணையக் கடைகளில் அதே மென்பொருளை விலைக்கு வைத்திருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இலவசப் பதிப்பில் எதையும் குறைத்துவிடவில்லை. விலை கொடுத்து வாங்கினால் அந்தப் பணம் அதை எழுதுகிறவர்களின் சம்பளத்துக்குப் போகும், புதுப் பதிப்பும் தானாக வந்துசேரும். இணையதளத்தில் நன்கொடைக்கும் வழி இருக்கிறது. என் மாணவர்களிடம், படம் வரைந்து முதல் பணம் கைக்கு வந்ததும் அங்கே முடிந்த தொகையைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். காலண்டருக்குப் படம் வரைந்த இருவர் போட்டுவிட்டு, ரசீதையும் எனக்கு அனுப்பினார்கள்.